சோதனையும் சம்மதமும்: தன்னாமுனை வீதியை முன்வைத்து ஒரு நோக்கு

விமான நிலையத்திலே சப்பாத்தையும் இடுப்புப் பட்டியையும் கழற்றித் தட்டில் வைக்க உடன்படும் ஒருவர், வீதியில் அடையாள அட்டையைக் காட்டுமாறு கேட்கப்படும்பொழுது மட்டும் ஏன் மனம் வருந்த வேண்டும்? இலங்கையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலமாகப் பாதுகாப்புக் கெடுபிடிகளுக்கு நியாயங் கற்பித்து வந்தோர் ஏதேனும் ஒரு வடிவத்தில் இவ்வினாவை எழுப்பியே வந்துள்ளனர். வினா எளியது, அந்த எளிமையே அதன் பலம். உயிரைக் காத்துக்கொள்வதற்காகச் சிறிது நேரத்தையும் சிறிது கௌரவத்தையும் விட்டுக்கொடுத்தல் அறிவுடைமையன்றோ என்று கேட்கும்போது மறுத்துரைப்பது கடினம். இதனோடு மற்றொரு கூற்றும் வழக்கமாக ஒட்டி வரும். மக்களே இதனை ஏற்றுக்கொண்டுவிட்டனர், முணுமுணுப்போர் படித்தவர் சிலரே என்பது அது.

இவ்விரு கூற்றுகளையும் ஆராய்வதற்கு விமான நிலையத்தைக் காட்டிலும் மட்டக்களப்பு வாவியோரத்துத் தன்னாமுனை தக்க இடமாகும். மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. வாழைச்சேனைக்கும் பொலன்னறுவைக்கும் திருகோணமலைக்கும் செல்லும் பஸ் வண்டிகள் அதனைக் கடந்தே போகவேண்டும். நகரிலுள்ள கச்சேரிக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் இவ்வூரார் செல்வதற்குள்ள தூரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. யுத்த காலத்தில் அச்சிறு தூரத்தைக் கடப்பதற்குத் தேவைப்பட்ட பொறுமையை அறிந்தோர், மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்ற சொற்றொடரை அவ்வளவு இலகுவில் எழுதமாட்டார்.

முதலில் விமான நிலையத்தை நோக்குவோர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்குள்ள சோதனை வீண் பயத்தினாற் பிறந்ததன்று. 1968 ஆம் ஆண்டிலிருந்து 1972 ஆம் ஆண்டுவரை அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே 1973 ஜனவரி 5 ஆம் திகதி முதல் பயணிகள் அனைவரையும் சோதிக்கும் முறை அந்நாட்டில் வந்தது. தன் சப்பாத்தினுள் வெடிமருந்தை ஒளித்து ஒருவன் 2001 டிசம்பரில் விமானம் ஏறியமையால் உலகத்தார் சப்பாத்துக் கழற்றக் கற்றனர். 2006 ஆகஸ்டில் இலண்டனில் வெளிப்பட்ட சதியின் பின்னர் நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் தடைசெய்யப்பட்டது. சப்பாத்துக் கழற்றும் பொது விதியை அமெரிக்கா 2025 ஜூலையிலேயே கைவிட்டது. ஒருவன் செய்த குற்றத்திற்காகக் கோடிக்கணக்கானோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெறுங்காலுடன் நின்றனர். எனினும் அதனைப் பெருங் கொடுமையென எவரும் கருதினாரல்லர்.

இலங்கையரின் அச்சத்திற்கும் ஆதாரம் உண்டு. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1978 செப்டெம்பர் 7 ஆம் திகதியன்று, ஏர் சிலோன் நிறுவனத்தின் அவ்ரோ விமானம் இரத்மலானையிற் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 1984 ஆகஸ்டு 2 ஆம் திகதி, கொழும்பு விமானத்திற் சேரவேண்டியிருந்த பெட்டிகள் சென்னை மீனம்பாக்கத்திலேயே வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். 1986 மே 3 ஆம் திகதி கட்டுநாயக்காவில் மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா விமானத்திற் குண்டு வெடித்து 21 பேர் உயிரிழந்தனர். இவற்றைக் கண்ட பின்னரும் பெட்டியைத் திறந்து காட்டமாட்டேன் என்று ஒருவர் அடம் பிடிப்பாராயின் அதனைச் சுதந்திரப் பற்று என்று போற்றுதல் இயலாது.

ஆயின், சோதனை எல்லாவற்றையும் காத்துவிடும் என்ற நம்பிக்கையும் அதே வரலாற்றினாற் பொய்ப்பிக்கப்படுகின்றது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலின் மேல் விடுதலைப் புலிகளால் ஏவுகணை கொண்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் பைகளை எத்தனை முறை கிளறியிருப்பினும் அவ்விமானம் தப்பியிராது. 2001 ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்காவைத் தாக்கியோரும் பயணிகளின் வாசலால் வரிசையில் நின்று வந்தவர்களல்லர்.

விமான நிலையச் சோதனையைப் பெரும்பான்மையோர் மனமுவந்து ஏற்பதற்குக் காரணம் அதன் பயன் மட்டுமன்று. அதன் வடிவமும் ஆகும். அமைச்சரின் உறவினரும் கூலித் தொழிலாளியும் ஒரே வாசலுக்குள்ளால் நடக்கவேண்டும். குறைந்தபட்சம் விதி அவ்வாறு சொல்கின்றது. அச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வாசலைக் கடந்ததும் அது முடிந்துவிடும். வீடுவரை தொடர்ந்து வராது. சோதிக்கப்படுபவரே அதன் பயனையும் அடைகின்றார். பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் பை சோதிக்கப்பட்டமையால் அவருடைய உயிரும், அவருடைய பை சோதிக்கப்பட்டமையால் அயலவரின் உயிரும் காக்கப்படுகின்றன. எல்லோரும் எல்லோருக்குமாகக் கொடுக்கும் விலை என்பதால் அங்கே சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. பண்டத்தைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் தமிழருக்குப் புதியதுமன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் பொதிகளிற் புலிப் பொறி இட்டதனைப் பட்டினப்பாலை பேசுகின்றது. அங்கு ஆராயப்பட்டது பொதி. பொதியைக் கொணர்ந்தவரின் குலமும் மொழியுமல்ல.

உண்மையான விமான நிலையங்கள் இவ்விலக்கணத்துக்கு எப்போதும் அமைந்து நடப்பனவல்ல என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடல் வேண்டும். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம், சந்தேகத்திற்கு எவ்வித ஆதாரமும் இல்லாமலே பயணிகளை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரத்தைத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள அலுவலர்க்குக் கொடுத்தது. அவ்வதிகாரம் ஆசிய முகங்களையே அதிகம் நிறுத்தியதென்ற முறைப்பாடு நெடுநாளையது. கிழக்கிலங்கைக் கிராமத்துப் பெண்களுக்குக் கட்டுநாயக்கா என்பது பெரும்பாலும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் வாசல். ஐந்து வயதிற்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் ஒருத்தி அவ்வாசலைக் கடக்கக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்ற விதி 2013 இல் வந்தது, பின்னர் தளர்த்தப்பட்டது. அதே வயதுப் பிள்ளையின் தகப்பனிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. அவ்விதியைப் பிள்ளைகளின் நலத்திற்கெனப் பாராட்டியோரிற் பெரும்பாலோர் அவ்வரிசையில் நிற்கவேண்டிய தேவை அற்றவர்கள்.

மட்டக்களப்பிற்கும் ஒரு விமானத்தளம் உண்டு. நகருக்கு மேற்கே வாவி சூழ்ந்த நிலத்திலுள்ள அது 1983 இல் விமானப் படையின் வசமாயிற்று. பொதுமக்களின் போக்குவரத்திற்காக மீளத் திறக்கப்பட்டது 2018 இல். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது பயணம் புறப்படும் இடமாகத் தோன்றவில்லை, படைமுகாமாகவே தோன்றியது.

இரத்மலானையில் அவ்ரோ தகர்க்கப்பட்டதற்கும் வீதியிற் பஸ் வண்டி நிறுத்தப்படுவதற்கும் இடையே ஒரு சட்டம் நிற்கின்றது. 1979 ஜூலையில் நிறைவேறிய 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் தலைப்பிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொற்களைச் சுமந்தது. மூன்று ஆண்டுகளுக்கென வந்த அது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது; தற்காலிகம் என்ற பெயர் மட்டும் தலைப்பில் எஞ்சியது. நீதிமன்றத்தில் முன்னிறுத்தாமலே அமைச்சரின் கட்டளையால் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்து வைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளவும் அது வழிசெய்தது. 2022 இல் வந்த திருத்தம் பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்ததேயன்றிச் சட்டத்தை நீக்கவில்லை. பெயர்கூடச் சொந்தமானதன்று. 1974 நவம்பரிற் பேர்மிங்காமில் குண்டுகள் வெடித்த சில நாட்களுக்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் விரைந்து நிறைவேற்றிய சட்டத்தின் பெயரும் இதுவே. அதுவும் தற்காலிகம் எனப்பட்டு, கால் நூற்றாண்டு நீடித்து, அந்நாட்டுத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் ஐரிஷ் மக்களை வரிசையிலிருந்து பிரித்து நிறுத்தியது. இலங்கையின் அவசரகால ஆட்சிக்கு அடிப்படையான பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமோ இன்னும் பழையது. 1947 இல், தொழிலாளரின் பொது வேலைநிறுத்தத்தின்போது, குடியேற்ற ஆட்சியின் இறுதி நாட்களிற் பிறந்தது. ஆண்டவன் போனபின்னும் அவன் விட்டுச்சென்ற சாட்டை வீட்டிலேயே இருந்தது.

இனி வீதிக்கு வருதல் தகும். அடையாள அட்டை என்பது 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்டது. அதிற் பெயரும் பிறந்த இடமும் உண்டு. அதனினும் முக்கியமான மற்றொன்று பலராற் கவனிக்கப்படுவதில்லை. 2014 வரை வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்ட அட்டைகள் சிங்களத்திலும் தமிழிலும் இருந்தன. ஏனைய இடங்களில் வழங்கப்பட்டவை சிங்களத்தில் மட்டும் இருந்தன. ஆகவே அட்டையை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. தூரத்தே நின்று பார்த்தாலே போதும். கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலே எல்லோரும் அட்டையை நீட்டினர் என்பது உண்மை. நீட்டிய பின்னர் யார் ஆசனத்திற் தொடர்ந்து இருந்தார், யார் பையுடன் கீழே இறக்கப்பட்டார் என்பதிலேதான் வேறுபாடு இருந்தது. விமான நிலையத்தில் சோதனை ஆளைப் பொருட்படுத்தாமற் பண்டத்தை நோக்குகின்றது. வீதியில் பண்டம் வெறும் சாட்டு, நோக்கப்பட்டது ஆள். முன்னதற்குக் கொடுத்த சம்மதத்தைப் பின்னதற்கும் செல்லுபடியாக்க முயல்வது, ஒரு கடனுக்கு இட்ட கையொப்பத்தை வேறொரு கடனுக்குக் காட்டுவதை ஒக்கும்.

பழக்கம் சம்மதம்போலத் தோற்றமளிக்கும் என்பதற்கு மட்டக்களப்புப் பேச்சு வழக்கே சான்று. செக்பொயின்ற், சென்றி, ரவுண்டப், ஐசி என்னும் சொற்கள் பாய் முடையும் மூதாட்டியின் வாயிலும் இயல்பாகப் புகுந்தன. வீட்டு வாசலிலே புறப்படும் மகனை நோக்கித் தாய் "மனே, ஐசி எடுத்தியா?" என்று கேட்பாள், சாப்பிட்டாயா என்பது அதற்குப் பின்னர் வரும். அவ்வினாவைச் செவிமடுக்கும் ஆய்வாளர் ஒருவர், இச்சமூகம் சோதனையை உள்வாங்கிக்கொண்டது என்று எழுதக்கூடும். அத்தாயைக் கேட்டால் அவள் வேறுவிதமாகச் சொல்வாள். மழைக்குக் குடை எடுத்தாயா என்று கேட்பவள் மழையோடு உடன்படிக்கை செய்துகொண்டவளல்லள். ஈழத்துக் கவிதை, குறிப்பாக 1985 இல் வெளிவந்த மரணத்துள் வாழ்வோம் தொகுதிக்குப் பின், கைதையும் காணாமற் போதலையும் சித்திரவதையையும் மிக வலுவாகப் பதிவு செய்தது. வரிசையில் நிற்றலின் சலிப்பையும், அட்டையைத் தேடும் கையின் நடுக்கத்தையும், சோதனை முடிந்து பஸ் ஏறியதும் உண்டாகும் வெட்கங் கலந்த நிம்மதியையும் அவ்வளவு ஆழமாகப் பதிவு செய்ததாகக் கூறமுடியாது. கைது ஒரு நிகழ்ச்சி. வரிசை ஒரு வாழ்க்கை. வாழ்க்கையை விட்டு நிகழ்ச்சியைப் பாடியமை இலக்கியத்தின் ஒரு குறையே.

வாவியின் இரு கரைகளும் இதிற் பங்குடையன. யுத்த ஆண்டுகளிற் பெரும் பகுதியில் எழுவான்கரை அரச படையினரிடமும் படுவான்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. துறைகளையும் பாலங்களையும் கடக்கும் விவசாயி ஒரு கரையில் யூரியாவுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் கணக்குக் கொடுத்தான். மறு கரையில் வரி கொடுத்தான், வந்த காரியம் என்னவெனச் சொன்னான். விடுதலையின் பெயராலும் பாதுகாப்பின் பெயராலும் ஒரே சாக்கு இரண்டு முறை அவிழ்க்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களைச் சோதித்து நகையையும் பணத்தையும் பறித்தோர் அரச படையினர் அல்லர். இராணுவச் சோதனையை மட்டும் கண்டித்து இதனை விழுங்கிவிடும் விமர்சனம் பாதி உண்மையையே பேசும்.

சோதனையின் உச்சக் கட்டம் சுற்றிவளைப்பு. அதன் நடுநாயகம் தலையாட்டி. முகத்தை மறைத்த ஒருவன் முன்னால் ஊரார் ஒவ்வொருவராக நடத்தப்படுவர். அவன் தலை அசைந்தால் விதி முடிந்தது. சாட்சி யார் என்பது தெரியாது, குற்றம் எது என்பதும் தெரியாது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைத் தமிழ் இலக்கியத்தின் முதலாவது தலையாட்டி எனலாம். அவனுடைய சொல்லைக் கேட்ட பாண்டியன் விசாரியாமற் கட்டளை இட்டான். விசாரணை நடந்தது கொலைக்குப் பின்னர். ஆயினும் அப்பொற்கொல்லன் முகத்தை மறைக்கவில்லை. அரசனும், சிலம்பு உடைந்து பரல் தெறித்தபோது தவற்றை ஒப்புக்கொள்ளாதிருக்கவில்லை. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, அகதி முகாமாக இருந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் மக்கள் வரிசையாக முகமூடி அணிந்தோர் முன்னே நடத்தப்பட்டனர். அன்று கொண்டுசெல்லப்பட்ட 158 பேரும் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின்னர், செப்டெம்பர் 9 ஆம் திகதி, தன்னாமுனைக்கு அயலான சத்துருக்கொண்டானிலும் கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய இடங்களிலும் இருந்தோர் விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் 184 பேர் என ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு பதிவு செய்தது. அவர்களுட் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். அவர்கள் அழைப்புக்கு இணங்கி வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள். மறைப்பதற்கு எதுவுமில்லாதவன் அஞ்சவேண்டியதில்லை என்ற வாதத்தைச் சொல்லிக்கொண்டு அவ்வூர்களுக்குள்ளே நடந்து செல்ல எவராலும் இயலாது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோரும், அடுத்த சில நாட்களில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோரும் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவ்விரவுகளைக் கண்டவர்களுக்கு ஊர் எல்லையிலே ஒரு காவலரண் அமைந்தமை அடக்குமுறையாகத் தோன்றவில்லை. உறக்கம் வருவதற்கான காரணமாகத் தோன்றியது. ஏறாவூரிலிருந்து தன்னாமுனைக்குச் சில கிலோமீற்றர் தூரமே. அச்சிறு தூரத்துக்குள் ஒரே மணல்மூட்டை ஒருவருக்குக் காவலாகவும் மற்றவருக்குப் பொறியாகவும் இருந்தது. இவ்விருவரையும் கூட்டிச் சராசரி கண்டு, மக்கள் இவ்வளவு வீதம் சம்மதித்தனர் என்று கணக்கிடும் முறை எதனையும் விளக்காது. பாதுகாப்பை வேண்டியவரும் அதன் சுமையைத் தாங்கியவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தமையே இங்குள்ள சிக்கல். திருக்குறளில் வெருவந்தசெய்யாமை முதலிலும், கண்ணோட்டம் அதனை அடுத்தும், ஒற்றாடல் அதன் பின்னருமாக அதிகாரங்கள் அமைந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. இலங்கையில் இவ்வரிசை தலைகீழாக நிகழ்ந்தது. ஒற்று முதலில் வந்தது, கண்ணோட்டம் வந்து சேரவேயில்லை.

ஏற்றுக்கொண்டனர் என்று சொல்லப்பட்டவர்கள் வாய்ப்புக் கிடைத்தபோது என்ன செய்தனர் என்பதையும் நோக்கவேண்டும். வவுனியாவில் இடம்பெயர்ந்தோருக்குப் பல ஆண்டுகளாகப் பாஸ் முறை நடைமுறையில் இருந்தது. முகாமிலிருந்து வெளியே செல்லவும் நகரில் தங்கவும் துண்டுக் கடதாசி ஒன்று வேண்டும். சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த ஒருவர் இதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடினார். 2002 இல் தீர்ப்பு வந்தபோது அப்பாஸ் முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை எனவும், நடமாடும் உரிமை மீறப்பட்டது எனவும் காணப்பட்டது. பல்லாயிரம் பேர் பணிவோடு கையில் ஏந்தி நின்ற கடதாசி அது. அவர்களின் பணிவைச் சம்மதமென வாசித்தவர்களுக்கு அத்தீர்ப்பு ஒரு பதில். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், பாதுகாப்புக் காரணத்தைக் காட்டிப் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் வெளிநாடு செல்வதற்காகவும் வைத்தியத்திற்காகவும் வந்து தங்கியிருந்தவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் வருத்தந் தெரிவித்தார். நகரத்துப் பொதுமக்களில் எத்தனை பேர் அப்பஸ்கள் புறப்படுவதைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டனர் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

இக்கதையின் மிகக் கசப்பான பகுதி யுத்தம் முடிந்து பத்தாண்டுகளின் பின் வந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர், அவர்களுட் பல சிறுவர், மாண்டனர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை மீண்டது; நான்கு மாதங்கள் நீடித்தது. வீதிச் சோதனை மீண்டது. தேவாலய வாசலில் மணியோசைக்கு முன்னரே பைகள் திறக்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் கிளறப்பட்டன. தன்னாமுனை போன்ற கத்தோலிக்கர் நிறைந்த ஊர்களில் அச்சம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அவ்வச்சத்தைப் பழிப்பது மனிதத்தன்மையன்று. பழிக்கவேண்டியது வேறொன்று. முப்பது ஆண்டுகளாகப் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட சமூகத்தினருட் பலர், இம்முறை ஆசனத்தில் இருந்தபடியே, முக்காடு அணிந்த பெண் இறக்கப்படுவதைப் பார்த்தனர், பார்த்துச் சரியென்றனர். இறக்கப்படுதலின் அவமானத்தை நூல்களிற் கற்றவர்களல்லர் அவர்கள், உடம்பிற் கற்றவர்கள். அவ்வறிவு ஒரு வாரமேனும் நிலைக்கவில்லை. அனுபவம் மனிதனைப் பண்படுத்தும் என்று வகுப்பறைகளிற் கூறப்படும் இலக்கியக் கொள்கை இவ்விடத்தில் தடுமாறுகின்றது. துன்பம் சிலருக்குப் பரிவைத் தருகின்றது. பலருக்கு, அடுத்த முறை தான் அவ்வரிசையில் நில்லாதிருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை மட்டுமே தருகின்றது.

ஏப்ரல் 29 ஆம் திகதி முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. அதிகாரம் முகத்தோடு நிற்கவில்லை. மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்த உடையிலிருந்த சித்திரம் தர்மச் சக்கரம் என்று சந்தேகிக்கப்பட்டு அவர் கைதானார். அது கப்பலின் சுக்கான் சில்லு. ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னர் பிணையில் விடப்பட்டார். துணியிலுள்ள சித்திரத்தை வாசிக்கத் தொடங்கிய அதிகாரம் அதற்கடுத்த ஆண்டு நூலை வாசிக்கத் தொடங்கியது. இதுவே தமிழ் கற்போரை மிக நெருக்கமாகத் தீண்டும் விடயம். அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2017 இல் நவரசம் என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம், அத்தொகுதி தீவிரவாதத்தை ஊட்டுகின்றது என்ற குற்றச்சாட்டின்பேரில் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். கவிதையில் வரும் நான் என்பது கவிஞனே என்று கொள்வது தமிழ் கற்கப் புகுந்த மாணவன்கூட முதலாம் ஆண்டிலேயே விட்டுவிடும் பிழை. குறியீடும் கற்பனைக் கூற்றும் வாக்குமூலமாக வாசிக்கப்பட்டால் அகநானூற்றுத் தலைவர்கள் பலர் தடுப்புக் காவலிற் கிடக்க நேரும்.

அக்கைதின்போதும் அதே வாதம் கேட்டது. விசாரிப்பது அவர்களின் கடமை, குற்றம் இல்லையெனில் விட்டுவிடுவார்கள்தானே என்றனர். பத்தொன்பது மாதங்கள் காவலில் இருந்தபின் 2021 டிசம்பரில் அவர் பிணையில் வெளிவந்தார். வழக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் நடந்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விட்டுவிடுவார்கள் என்ற வாக்கு அவர் விடயத்தில் நிறைவேறிற்று. அதற்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.